முன்தேவைகள்: ரூபி ஆன் ரெயில்ஸ் வாங்கிய கடன்களின் கதை

எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் முதலில் "தேவையான பொருட்கள்" என்று ஒரு பட்டியல் இருக்கும். பெரும்பாலானோர் அதை ஓட்டமாகப் பார்த்துவிட்டு செய்முறைக்குப் போய்விடுவார்கள். பாதியில் புளி இல்லை என்று தெரியும்போதுதான் பட்டியலின் அருமை புரியும். மென்பொருளிலும் கதை இதேதான். வெப் ஃபிரேம்வொர்க் எதையாவது கணினியில் நிறுவப் போனால் "முன்தேவைகள்" என்ற தலைப்பில் நாலைந்து பெயர்கள் இருக்கும். இந்த மொழி, இந்தப் பதிப்பு, இந்தத் தரவுத்தளம், இந்தக் கம்பைலர்... யாரும் அதை வரலாறாகப் படிப்பதில்லை. ஆனால் அதற்குள் ஒரு வரலாறு இருக்கிறது.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இருப்புநிலைக் குறிப்பு பழக்கம். வலப்பக்கம் சொத்துகள், இடப்பக்கம் பொறுப்புகள். விளம்பரத்தில் எல்லோரும் வலப்பக்கத்தைத்தான் காட்டுவார்கள். நிறுவனம் யாரை நம்பி நிற்கிறது என்பது இடப்பக்கத்தில், "பற்பல கடனீந்தோர்" என்ற ஒற்றை வரியில் அடங்கியிருக்கும். ஒரு ஃபிரேம்வொர்க்கின் முன்தேவைப் பட்டியல் அதன் இடப்பக்கம். ரூபி ஆன் ரெயில்ஸை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகத் தெரியும்.

முதல் பட்டியல்

ரூபி ஒரு நிரல்மொழி. ஜப்பானைச் சேர்ந்த யுகிஹிரோ மட்சுமொட்டோ 1993-ல் அதை எழுதத் தொடங்கி 1995 டிசம்பரில் பொதுவெளிக்குக் கொண்டுவந்தார். நிரலாளர்கள் அவரைச் செல்லமாக "மட்ஸ்" என்பார்கள். முதல் சில ஆண்டுகள் ஜப்பானுக்கு வெளியே அதைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. 2000-ல் டேவ் தாமஸும் ஆண்டி ஹண்ட்டும் ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதிய பிறகுதான் மற்ற நாட்டினர் எட்டிப் பார்த்தார்கள்.

அப்படி எட்டிப் பார்த்தவர்களில் ஒருவர் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன். சிகாகோவில் இயங்கிய 37சிக்னல்ஸ் என்ற சிறு நிறுவனத்துக்காக பேஸ்கேம்ப் என்ற இணையச் செயலியை ரூபியில் எழுதினார். அந்தச் செயலியிலிருந்து பொதுவாகப் பயன்படக்கூடிய பகுதிகளைப் பிரித்தெடுத்து 2004 ஜூலையில் ரெயில்ஸ் என்ற பெயரில் திறமூலமாக வெளியிட்டார். இணையதளம் கட்டுபவருக்கு அடித்தளம், தூண், கூரைச் சட்டம் எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து கொடுக்கும் வேலை அது. 1.0 பதிப்பு 2005 டிசம்பரில் வந்தது.

15 நிமிடத்தில் ஒரு வலைப்பதிவுச் செயலியைக் கட்டிக் காட்டும் வீடியோ ஒன்று 2005-ல் உலகம் முழுக்கப் பரவியது. ரெயில்ஸைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோனது அந்த வீடியோதான் என்றால் மிகையாகாது. ஆனால் அதில் எல்லாம் ஏற்கெனவே நிறுவப்பட்ட கணினியில்தான் ஆட்டம் தொடங்கும். பார்த்தவர்கள் உற்சாகமாக வீட்டுக் கணினியில் உட்கார்ந்தபோது அந்த 15 நிமிடம் மூன்று இரவுகளாகவும் நீளக்கூடும் என்பது தெரிந்தது :-)

அன்றைய பட்டியல் பார்க்கச் சின்னதுதான். ரூபி, ரூபிஜெம்ஸ், மைசீக்வல் போன்ற ஒரு தரவுத்தளம், ஒரு வெப் சர்வர். அவ்வளவே. ஆனால் "ரூபி" என்று மட்டும் சொன்னால் போதாது. 1.8.2 சரி, 1.8.4 சரி, இடையில் இருந்த 1.8.3 மட்டும் ஆகாது! பதிப்பு எண்ணில் ஒரு இலக்கம் மாறினால் வேலை நின்றுபோகும் என்ற பாடம் ரெயில்ஸ்காரர்களுக்கு முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது.

ஒரு மாநாட்டில் பிறந்த முன்தேவை

பட்டியலில் இரண்டாவதாக நின்ற ரூபிஜெம்ஸ் என்ன? பிறர் எழுதிய ரூபி நிரல்களை இணையத்திலிருந்து ஒரே கட்டளையில் இறக்கி நிறுவும் கருவி. ஒவ்வொரு நிரல்பொதிக்கும் "ஜெம்" என்று பெயர். 2003 நவம்பரில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த ரூபி மாநாட்டின்போது ஐந்து பேர் கூடி உட்கார்ந்து அதன் முதல் வடிவத்தை எழுதினார்கள். 2004 மார்ச் 14 அன்று அது வெளியானது. மாதம் 3, நாள் 14... பை எண்ணின் நாள் என்று வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த தேதி.

அந்த ஐவரில் ஒருவர் ஜிம் வைரிக். "ரேக்" என்ற இன்னொரு கருவியையும் எழுதியவர் அவர்தான். ரெயில்ஸில் தரவுத்தள அட்டவணைகளை மாற்ற வேண்டுமானால் பல ஆண்டுகள் ரேக் கட்டளையைத்தான் அடிக்க வேண்டியிருந்தது. 2014 பிப்ரவரி 19 அன்று வைரிக் காலமானார். கிட்ஹப் தளத்தில் அவர் கடைசியாகச் சேர்த்த நிரல்மாற்றத்தின் கீழே உலகின் பல மூலைகளிலிருந்தும் நிரலாளர்கள் வந்து அஞ்சலி எழுதினார்கள். "தினமும் உங்கள் கருவியைப் பயன்படுத்துகிறேன்" என்ற பொருளில் எத்தனையோ வரிகள். முன்தேவைப் பட்டியலில் ஒரு சொல்லாக இருந்தவர் ஒரு மனிதர் என்பது பலருக்கு உறைத்த நாள் அது.

ஓட வைப்பது யார்?

நிறுவுவது ஒன்று, ஓட வைப்பது வேறொன்று. ரூபியோடு வெப்ரிக் என்ற சிறு சர்வர் இலவசமாக வந்தது. வீட்டில் சோதித்துப் பார்க்க அது போதும். ஆயிரம் பேர் வரும் தளத்துக்கு அது தாங்காது. அதனால் அப்பாச்சி அல்லது லைட்டிபிடி என்ற சர்வரோடு ஃபாஸ்ட்சிஜிஐ என்ற இணைப்பை மாட்ட வேண்டியிருந்தது. அது அடிக்கடி தொங்கிப்போகும். பிஎச்பியில் எழுதியவர்கள் கோப்புகளை சர்வரில் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்க, ரெயில்ஸ்காரர்கள் விழித்திருந்தார்கள்.

2006-ல் ஸெட் ஷா என்பவர் மாங்ரெல் என்ற சர்வரை எழுதி இந்தத் தலைவலியைப் பெருமளவு தீர்த்தார். பெரிய பெரிய தளங்கள் அதன்மேல் ஓடின. ஆனால் அதனால் தனக்குப் பெரிய பலன் கிடைக்கவில்லை என்ற கசப்பு அவருக்கு இருந்தது. 2007-ன் கடைசி நாளில் ரெயில்ஸ் சமூகத்தைக் கடுமையாகத் திட்டி நீண்ட கட்டுரை ஒன்றை எழுதிவிட்டு விலகினார். அடுத்த ஆண்டே நெதர்லாந்தின் ஃபியூஷன் நிறுவனத்தின் பேசஞ்சர் வந்தது. அப்பாச்சிக்குள்ளேயே ரெயில்ஸ் ஓடியது. மாங்ரெல் மெல்ல மெல்லப் பட்டியலிலிருந்து மறைந்தது. கடன் கொடுத்தவர் போய்விட்டார், வேறொருவர் வந்தார், கடை தொடர்ந்து நடந்தது.

விண்டோஸ்காரர்களின் பாடு

தொடக்க ஆண்டுகளில் ரெயில்ஸை எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆப்பிள் மேக் வைத்திருந்தவர்கள். 2007 அக்டோபரில் வந்த மேக் ஓஎஸ் லெப்பர்டில் ரெயில்ஸே உள்ளடங்கி வந்தது. கடையிலிருந்து கணினியை வாங்கி வந்து திறந்தால் முன்தேவை முடிந்தது!

விண்டோஸில் அப்படி இல்லை. கர்ட் ஹிப்ஸ் என்பவர் 2005-ல் ரூபி, ரெயில்ஸ், அப்பாச்சி, மைசீக்வல் எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி "இன்ஸ்டன்ட் ரெயில்ஸ்" என்று கொடுத்தார். ஃபோல்டரை விரித்தால் போதும், வேலை தொடங்கலாம். மேக் வாங்க வசதியில்லாத எத்தனையோ மாணவர்கள் இதன் வழியாகத்தான் உள்ளே வந்தார்கள்.

ஆனால் சில ஜெம்கள் முழுக்க ரூபியில் எழுதப்பட்டவை அல்ல. வேகத்துக்காக உள்ளே சி மொழியில் எழுதியிருப்பார்கள். நிறுவும் நேரத்தில் அந்தக் கணினியிலேயே அவை கம்பைல் ஆக வேண்டும். லினக்ஸில் கம்பைலர் எளிதாகக் கிடைக்கும். விண்டோஸில் கிடையாது. 2008 நவம்பரில் வந்த ரெயில்ஸ் 2.2, அதுவரை தன்னோடு சேர்த்துக் கொடுத்துவந்த மைசீக்வல் இணைப்பை எடுத்துவிட்டது. அதைத் தனி ஜெம்மாக நிறுவிக்கொள்ளுங்கள் என்றது. வடக்கே ஒரு சின்ன ஏற்பாடு மாறினால் தெற்கே ஒரு தெருவே இருட்டாகும் என்பார்களே, அந்த மாதிரி. பட்டியலில் எழுதப்படாமல் ஒரு சி கம்பைலரும் முன்தேவையாகிவிட்டது. பிறகு லூயிஸ் லவேனா பராமரித்த ரூபிஇன்ஸ்டாலர் திட்டம் "டெவ்கிட்" என்ற தனிப்பொதியைக் கொடுத்து விண்டோஸ்காரர்களைக் காப்பாற்றியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுவலில் தோற்றுப்போனவர்கள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பதிவிறக்கிய எண்ணிக்கை தெரியும், சிவப்பு எழுத்தில் ஒரு பிழைச்செய்தியைப் பார்த்துவிட்டு "இது நமக்கு ஒத்துவராது" என்று மூடியவர்களின் எண்ணிக்கை யாருக்கும் தெரியாது. பட்டியல் நீண்டால் முதலில் வெளியே போவது வசதி குறைந்தவரும் புதியவரும்தான்.

ஒருவர் காணாமல் போன நாள்

புதியவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட்டவர் ஒருவர் இருந்தார். "ஒய் த லக்கி ஸ்டிஃப்" என்ற புனைபெயரில் எழுதியவர். கார்ட்டூன் நரிகளை வரைந்து ரூபி கற்றுக்கொடுத்தவர். எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ரூபியை எழுதிப் பார்க்கும் "ட்ரை ரூபி" என்ற தளத்தைக் கட்டியதும் அவர்தான். அதாவது முன்தேவைப் பட்டியலே இல்லாத ரூபி!

2009 ஆகஸ்ட் 19 அன்று அவருடைய தளங்கள், நிரல்கள், கணக்குகள் எல்லாம் ஒரே நாளில் இணையத்திலிருந்து மறைந்தன. அவரே நீக்கிவிட்டார். காரணம் சொல்லவில்லை. பலர் தங்கள் கணினிகளில் இருந்த நகல்களைத் தேடியெடுத்து மறுபடி ஏற்றினார்கள்.

இது ஏதோ ஒரு கலைஞரின் விசித்திரம் என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு ரெயில்ஸ் செயலியிலும் தரவுத்தளத்தின் பெயர், கடவுச்சொல் முதலியவற்றைக் குறித்துவைக்கும் ஒரு கோப்பு உண்டு. யாமல் என்ற வடிவத்தில் இருக்கும். ரூபி 1.8-ல் அந்த வடிவத்தைப் படித்துப் புரிந்துகொண்ட "சிக்" என்ற நிரலை எழுதியவர் இதே ஒய். அதாவது அன்றைக்கு ரெயில்ஸ் ஓடிய எல்லா இடத்திலும், செயலி கண்விழிக்கும்போது முதலில் தொட்டவற்றில் ஒன்று அவர் எழுதிய நிரல். நல்லவேளையாக அது ரூபியோடு சேர்ந்தே வந்ததால் எதுவும் நிற்கவில்லை. ஆனால் பராமரிக்க ஆள் இல்லாமல் போனது.

பிறகு ஆரன் பேட்டர்சன் "சைக்" என்ற மாற்றை எழுதினார். 2011-ல் வந்த ரூபி 1.9.3-ல் அதுவே இயல்பானது. அதற்கு லிப்யாமல் என்ற இன்னொரு சி நூலகம் தேவை. அது இல்லாமல் ரூபியைக் கம்பைல் செய்தவர்களுக்கு ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. ஒரு மனிதர் விட்டுப்போன இடத்தில் பட்டியலில் ஒரு புதிய வரி முளைத்தது.

பதிப்புகளுக்குப் பூட்டு

2010 ஆகஸ்ட் 29 அன்று ரெயில்ஸ் 3.0 வந்தது. வெளியீட்டுக் குறிப்பில் இருந்த எச்சரிக்கை வேடிக்கையானது. ரூபி 1.8.7 வேண்டும், ஆனால் அதன் 248, 249-ஆம் ஒட்டுப் பதிப்புகளில் பிழை இருக்கிறது, ரெயில்ஸை விழவைக்கும். ரூபி 1.9.1 பக்கம் போகவே வேண்டாம், 1.9.2-க்குப் போங்கள். அந்த 1.9.2 வெளியாகி அப்போது 11 நாள்தான் ஆகியிருந்தது.

ஒரே கணினியில் பழைய செயலிக்கு ஒரு ரூபி, புதியதற்கு இன்னொரு ரூபி வேண்டும். இதற்காக 2009-ல் ஆர்விஎம், 2011-ல் ஆர்பிஎன்வி என்ற கருவிகள் வந்தன. ஜெம்களின் பதிப்புகளைக் கட்டுப்படுத்த 2010-ல் பண்ட்லர் 1.0 வந்தது. எந்த ஜெம், எந்தப் பதிப்பு என்று ஒரு கோப்பில் எழுதிப் பூட்டிவிடும். நண்பரின் கணினியில் ஓடியது இங்கேயும் அப்படியே ஓடும். முன்தேவைகளைச் சமாளிக்கவே முன்தேவைகள்! கடனை அடைக்கக் கடன் வாங்குவது போலத் தோன்றலாம். ஆனால் பண்ட்லர் செய்தது நல்ல கணக்குப்பதிவு. யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை முதன்முறையாக ஒழுங்காகப் பேரேட்டில் எழுதி வைத்தது.

அந்நிய மொழி ஒன்று உள்ளே வருகிறது

2011 ஆகஸ்ட் இறுதியில் ரெயில்ஸ் 3.1 வந்தபோது காஃபிஸ்கிரிப்ட் இயல்பாகச் சேர்க்கப்பட்டது. அதை மொழிபெயர்க்க சர்வர் பக்கத்திலும் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் இயந்திரம் ஒன்று தேவைப்பட்டது. மேக்கிலும் விண்டோஸிலும் அப்படி ஒன்று ஏற்கெனவே இருந்தது. லினக்ஸில் இல்லை. "ஜாவாஸ்கிரிப்ட் இயக்கி எதுவும் கிடைக்கவில்லை" என்ற பிழைச்செய்தி லினக்ஸ்காரர்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. ரூபி கற்க வந்தவர்கள் நோட்.ஜேஎஸ்-ஐ நிறுவிக்கொண்டிருந்தார்கள்.

நோட் உலகத்திலும் ஜெம் மாதிரியே பொதிகள் உண்டு. என்பிஎம் என்ற கிடங்கில் இருக்கும். 2016 மார்ச் 22 அன்று ஒரு நிரலாளர், பெயர் உரிமை தொடர்பான தகராறில் கோபப்பட்டு, தன் பொதிகளை எல்லாம் அங்கிருந்து நீக்கினார். அதில் "லெஃப்ட்பேட்" என்ற 11 வரி நிரலும் ஒன்று. ஒரு சொல்லின் இடப்பக்கம் வெற்றிடம் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. அது இல்லாமல் உலகின் பெரிய பெரிய திட்டங்கள் சில மணி நேரம் நின்றுபோயின.

அடுத்த ஆண்டே, 2017 ஏப்ரலில், ரெயில்ஸ் 5.1 அதே தெருவுக்குள் நுழைந்தது. யார்ன், வெப்பேக் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. 2019-ல் வந்த ரெயில்ஸ் 6-ல் வெப்பேக்கர் இயல்பானது. புதிதாக ஒரு வெற்றுச் செயலியைத் தொடங்கினாலே நூற்றுக்கணக்கான ஜாவாஸ்கிரிப்ட் பொதிகள் வந்து இறங்கின. பட்டியலில் நோட், யார்ன் என்று இரண்டு சொற்கள்தான். அந்த இரண்டுக்குப் பின்னால் எத்தனை பேர்!

இரண்டு நாள் நீடித்த முன்தேவை

2021 மார்ச் 24 அன்று உலகெங்கும் ரெயில்ஸ்காரர்கள் நிறுவல் கட்டளையை அடித்தபோது, ஒரு ஜெம்மின் பழைய பதிப்புகள் காணோம் என்றது. அந்த ஜெம்மின் பெயர் மைம்மேஜிக். ஒரு கோப்பு படமா, பாட்டா, ஆவணமா என்று கண்டுபிடிக்கும் சிறு நிரல். ரெயில்ஸ் அதை நேரடியாகக் கேட்கவில்லை. ரெயில்ஸ் கேட்ட ஒன்று அதைக் கேட்டது.

நடந்தது தொழில்நுட்பக் கோளாறு இல்லை. சட்டம். எம்ஐடி என்ற தளர்வான உரிமத்தில் வெளியாகியிருந்த அந்த ஜெம்முக்குள், ஜிபிஎல் என்ற கண்டிப்பான உரிமம் கொண்ட ஒரு தரவுக்கோப்பு இருந்தது. அந்தக் கோப்பின் பராமரிப்பாளர் அதைச் சுட்டிக்காட்டினார். ஜெம்மை எழுதியவர் தவற்றை ஒப்புக்கொண்டு பழைய பதிப்புகளை நீக்கினார். பிறகு வந்த பதிப்பு, அந்தத் தரவுக்கோப்பைத் தனியாகக் கணினியில் நிறுவியிருக்க வேண்டும் என்றது. ஒரே இரவில் ரெயில்ஸுக்கு ஒரு புதிய முன்தேவை! மார்ச் 26 அன்று ரெயில்ஸ் குழு மைம்மேஜிக்கை விட்டுவிட்டு வேறு மூலத்திலிருந்து அந்தத் தகவலை எடுக்கும் புதிய பதிப்புகளை வெளியிட்டது. பிரச்சினை தீர்ந்தது.

இதில் யாரும் வில்லன் இல்லை. உரிமம் கேட்டவர் தன் உரிமையைக் கேட்டார். ஜெம் எழுதியவர் நேர்மையாக நடந்துகொண்டார். ஆனால் அன்றைக்கு வரை அந்தப் பெயரை ஒருமுறைகூடக் கேள்விப்படாதவர்கள் அதன்மேல் தொழிலே நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம். கடன் வாங்கியதே தெரியாமல் கடனாளியாக இருந்தவர்கள்.

பட்டியல் சுருங்குகிறது

2021 டிசம்பரில் வந்த ரெயில்ஸ் 7-ல் நோட் கட்டாயம் இல்லை என்றாகிவிட்டது. உலாவிகளே புதிய ஜாவாஸ்கிரிப்டைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வளர்ந்திருந்தன. இடையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. 2024 நவம்பரில் வந்த ரெயில்ஸ் 8 இன்னும் ஒரு படி போனது. வரிசை, தற்காலிகச் சேமிப்பு இவற்றுக்காகப் பலர் தனியாக ஓட்டிவந்த ரெடிஸ் இல்லாமலே, தரவுத்தளத்தை வைத்தே அவற்றைச் சமாளிக்கலாம் என்றது. 2007 டிசம்பரிலிருந்து கற்பவர்களுக்கான இயல்புத் தரவுத்தளமாக இருந்த சீக்வலைட்டையே உண்மையான தளங்களுக்கும் பயன்படுத்தலாம் என்றது. இருபது ஆண்டுகள் கழித்து 2005-ன் சிறிய பட்டியலுக்கு அருகில் மீண்டும் வந்து நிற்கிறது.

ஆனாலும் கடன் தீர்ந்துவிடவில்லை. லிப்யாமல் ஒரு காலத்தில் ரூபியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. 2022 டிசம்பரில் வந்த ரூபி 3.2-ல் அதை எடுத்துவிட்டார்கள். ரெயில்ஸ் 8 கேட்பதோ குறைந்தது அந்த 3.2. ஆக, ஒய் விட்டுப்போன இடத்தில் முளைத்த அந்த வரி மறுபடி பட்டியலில் ஏறிவிட்டது. ரூபிஜெம்ஸுக்கும் சோதனை வந்தது. 2025 செப்டம்பரில் அதன் நீண்டகாலப் பராமரிப்பாளர்கள் சிலரின் அனுமதி நீக்கப்பட்டுப் பெரிய சர்ச்சை எழுந்தது. அக்டோபரில் ரூபிஜெம்ஸையும் பண்ட்லரையும் மட்ஸின் ரூபி மூலக்குழு தன் பொறுப்பில் ஏற்பதாக அறிவிக்கப்பட்டது. 2003-ல் ஐந்து பேர் எழுதியது, இன்று யார் கையில் இருக்க வேண்டும் என்று சண்டை போடும் அளவுக்கு எல்லோருக்கும் தேவையாகிவிட்டது.

இந்தப் பட்டியலில் இருப்பவர்களில் பலர் சம்பளம் இல்லாமல் எழுதியவர்கள். ஒருவர் இறந்தார், ஒருவர் திட்டிவிட்டுப் போனார், ஒருவர் சொல்லாமலே போனார், ஒருவர் தவற்றைத் திருத்தினார். அவர்கள் பெயர்கள் வெளியே தெரிந்தது பெரும்பாலும் ஏதாவது நின்றுபோனபோதுதான். ஓடிக்கொண்டிருந்தபோது யாரும் கேட்கவில்லை.

தணிக்கையாளர் இருப்புநிலைக் குறிப்பை எடுத்தால் சொத்துப் பக்கத்தோடு நிறுத்துவதில்லை. அடுத்தமுறை "முன்தேவைகள்" என்ற தலைப்பைப் பார்த்தால் அதையும் ஒரு நிமிடம் நின்று படிக்கலாம். எல்லாம் சரியாக ஓடும் நாளில்.